பெண்கள் பௌலிங் டூர்ல ஒரு சீசன்: எண்ணெய், கோடை, அப்புறம் யார் பாக்கெட்லேர்ந்து காசு

அக்கா கேட்டது இதுதான்: மிச்சிகன்ல இருக்கோம், பொண்ணுக்கு 14 வயசு, ஸ்கூல் பௌலிங் டீம்ல (கிரிக்கெட் இல்ல, பந்தை உருட்டிப் பத்துப் பின்னைச் சாய்க்கற ஆட்டம்) ஆடறா, ஒரு கேமுக்குச் சராசரி 180 கிட்ட வருது, பெண்களுக்குன்னு தனியா ப்ரொபஷனல் டூர் இருக்குன்னு அவ கோச் சொன்னாராம், அந்த சீசன் எப்படி நடக்கும், அதை நம்பி ஒரு பொண்ணு வாழ முடியுமா?

டூர் இருக்குக்கா. பேரு பிடபிள்யூபிஏ, அதாவது ப்ரொபஷனல் விமன்ஸ் பௌலிங் அசோசியேஷன். ஆனா அதை மட்டுமே நம்பி வாழறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஏன் அப்படின்னு புரியணும்னா கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க. நான் ப்ரோ எல்லாம் இல்ல, பதினஞ்சு வருஷமா செவ்வாய்க்கிழமை லீக்ல உருட்டற ஆளு, சனிக்கிழமை சின்னப் பசங்களுக்குச் சும்மா சொல்லிக் கொடுக்கறேன், அவ்வளவுதான். ஆனா இந்தப் பெண்கள் டூரை விடாம பார்க்கறவன்.

சீசன்னா பெரும்பாலும் கோடை. ஏப்ரல் கடைசி இல்ல மே மாசம் ஆரம்பிச்சு ஆகஸ்ட் வாக்குல முடியும். ஆண்கள் டூரோட டிவி மேட்ச் எல்லாம் குளிர்காலத்துலதானே வருது, இவங்க மட்டும் ஏன் கோடைல ஆடறாங்கன்னு நானும் ஆரம்பத்துல யோசிச்சேன். செப்டம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் பௌலிங் சென்டர் எல்லாம் லீக் ஆளுங்களால நிரம்பி வழியும், கோடைல வெயில் அடிக்க ஆரம்பிச்சா எல்லாரும் ஏரி, மீன் பிடிக்கறதுன்னு போயிடுவாங்க, லேன், அதான் பந்து உருட்டற பாதை, காலியா கிடக்கும், அப்ப ஒரு வாரக்கடைசிக்கு முப்பது நாப்பது லேன் ஒதுக்கிக் கொடுக்கறது சென்டர்காரருக்குக் கஷ்டமில்ல. இன்னொரு பக்கம், இந்த டூர்ல ஆடறவங்கள்ல நிறைய பேர் காலேஜ் கோச், இல்லன்னா காலேஜ் மாணவி, அவங்களுக்கும் கோடைலதான் கை ஓயும். அதனால இந்த சீசனை லீவு காலத்து வேலைன்னு சொன்னாலும் தப்பில்ல, கொஞ்சம் கசப்பா இருந்தாலும்.

ஒரு சாதாரண வாரம் எப்படிப் போகும்னா, வந்து இறங்கின உடனே பிராக்டிஸ், அடுத்த நாள் குவாலிஃபையிங், அதுல மொத்தப் பின் எண்ணிக்கைதான் கணக்கு, எதிராளின்னு யாரும் கிடையாது, லேன்தான் எதிராளி. மேல இருக்கறவங்க மட்டும் அடுத்த நாளுக்குப் போவாங்க, மறுபடி வெட்டு, மறுபடி வெட்டு, கடைசில நாலஞ்சு பேர் மிஞ்சுவாங்க. அதுக்கப்புறம் ஏணி, அதாவது ஸ்டெப்லேடர்: நாலாவது ஆளும் மூணாவது ஆளும் ஒரு கேம், ஜெயிச்சவங்க ரெண்டாவது ஆளோட, அதுல ஜெயிச்சவங்க முதல் இடத்துல காத்துட்டிருக்கறவங்களோட. இது எவ்வளவு கொடுமைன்னு பாருங்க, ரெண்டு நாள் முழுக்க எல்லாரையும் தள்ளி மேல வந்து உக்காந்தவங்க ஒரே ஒரு கேம் ஆடுவாங்க, பத்து ஃபிரேம், அதாவது பத்து முறை, அதுல ஒரு ஸ்ப்ளிட் விழுந்தா, அதான் பின்னுங்க தள்ளித் தள்ளி மிஞ்சி நின்னா, போச்சு, மொத்தமா பதினஞ்சு நிமிஷம். டிவிக்காகக் கண்டுபிடிச்ச முறை. பார்க்க எனக்குப் பிடிக்கும், நியாயமான முறையான்னு கேட்டா வாயை மூடிக்குவேன்.

பெரிய போட்டிகள்ல ரெண்டு முக்கியம். யூஎஸ்பிசி (அமெரிக்காவோட தேசிய பௌலிங் அமைப்பு) நடத்தற குவீன்ஸ், 1961லேர்ந்து நடக்குது. இதுல குவாலிஃபையிங் முடிஞ்சதும் 63 பேரும் போன வருஷ சாம்பியனும் சேர்ந்து 64 பேர் ப்ராக்கெட்டுக்குள்ள, அதான் ஒருத்தரோட ஒருத்தர் மோதற அட்டவணைக்குள்ள, போவாங்க, மூணு கேம் மொத்தம் வச்சு ஒவ்வொரு மேட்சும், ஒரு தடவை தோத்தாலும் வெளிய போக மாட்டீங்க, ரெண்டாவது தடவை தோத்தாதான் பெட்டி கட்டணும். இன்னொண்ணு யூஎஸ் விமன்ஸ் ஓபன். அது நீளம், ரொம்ப நீளம், நாள் கணக்குல ஆடி ஆடி கை வீங்கிப் போகும், லேனும் கஷ்டமான லேன்.

இப்ப லேன் விஷயத்துக்கு வரேன், உங்க பொண்ணுக்கு நேரடியா சம்பந்தப்பட்டது இதுதான். ஃபவுல் லைன்லேர்ந்து, அதான் தாண்டக் கூடாத கோட்டுலேர்ந்து, முதல் பின் வரைக்கும் 60 அடி, அகலத்துல 39 பலகை. அந்தப் பலகை மேல எண்ணெய் பூசியிருப்பாங்க, கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஊர் சென்டர்ல பூசற ஹவுஸ் பேட்டர்ன்ல நடுவுல கெட்டியா எண்ணெய், ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சூண்டு. அதனால என்ன ஆகும், வலதுகைக்காரங்க பந்தைக் கொஞ்சம் வலப்பக்கம் தவறவிட்டாலும் அங்க எண்ணெய் இல்லாததால பந்து பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்து பாக்கெட்ல, அதான் முதல் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல, விழுந்துடும், இடப்பக்கம் தவறவிட்டா நடு எண்ணெய் அதை வழுக்கி நேரா கொண்டு போயிடும், அதாவது நம்ம தப்பை லேனே திருத்திக் கொடுக்குது. ஸ்கூல்ல வர்ற 180 அந்தத் திருத்தத்தோட வர்ற 180. டூர்ல ஆடற ஸ்போர்ட் பேட்டர்ன்ல நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் மூணுக்கு ஒண்ணு, இல்லன்னா அதைவிடக் கம்மி, ஹவுஸ் பேட்டர்ன்ல அது பத்துக்கு ஒண்ணு வரைக்கும் கூடப் போகும். நான் முதல் தடவை ஸ்போர்ட் லீக்ல சேர்ந்தப்ப என் 190 சராசரி 160க்கு இறங்கி நின்னுச்சு, ஒரு மாசம் யார்கிட்டயும் பேசல.

இதோட விட்டா பரவால்ல, எண்ணெய் ஒரே இடத்துல இருக்காது. இப்ப உள்ள ரியாக்டிவ் ரெசின் பந்துங்க எண்ணெயை உறிஞ்சும். எட்டு கேம் ஆடி முடிக்கறதுக்குள்ள லேன் வேற லேன் ஆயிடும். காலைல லேன்ல குறி பார்க்கப் போட்டிருக்கற ரெண்டாவது அம்பு மேல விட்ட பந்து மத்தியானம் அதே இடத்துல விட்டா மூக்கு மேல, அதாவது ஹெட்பின்ங்கற முதல் பின் மேல நேரா போய் மோதி ஸ்ப்ளிட் விழும். அதனால ப்ரோங்க கால் வச்சு நிக்கற இடத்தை இடப்பக்கமா நகர்த்திக்கிட்டே போவாங்க, பந்தை மாத்துவாங்க, ஒரு போட்டிக்கு ஏழெட்டு பந்து தூக்கிட்டு வர்றது சகஜம், ஒவ்வொண்ணும் 14, 15 பவுண்டு, கார் டிக்கி தரையைத் தொடும். முன்னாடி யார் ஆடினாங்க, அவங்க பந்து எந்தப் பாதைல எண்ணெயைத் தின்னுச்சுன்னு ஞாபகம் வச்சுக்கணும். ஜெயிக்கறவங்க பெரும்பாலும் அதிகமா சுழல விடறவங்க இல்ல, முதல்ல நகர்றவங்க. வெளில இருந்து பார்க்கறவங்களுக்கு எல்லாரும் ஒரே மாதிரி பந்து உருட்டற மாதிரி தெரியும், அதான் இந்த விளையாட்டோட சாபக்கேடு, டிவில விக்கவே முடியல.

விக்க முடியலன்னதும் காசு விஷயம் வந்துடுச்சு. 2015ல டூர் திரும்பி வந்தப்ப சாதாரண வாரத்துல முதல் பரிசு 10,000 டாலர். பெரிய போட்டின்னா அதைவிடக் கூட. நுழைவுக் கட்டணம், ஓட்டல், பெட்ரோல், பந்து, எல்லாம் உங்க செலவு, ஸ்பான்சர் இருந்தா பந்து மிச்சம். பத்தாவது இடம், இருபதாவது இடம் வர்றவங்களுக்குக் கையைக் கடிக்கும். அதனாலதான் டூர்ல கோச், ப்ரோ ஷாப் (பந்து விக்கற, துளைச்சுக் கொடுக்கற கடை) நடத்தறவங்க, வேற வேலைல இருக்கறவங்க எல்லாம் பார்க்கறீங்க.

திரும்பி வந்தப்பன்னு சொன்னேன்ல, எங்க போயிருந்துச்சுன்னு கேட்கணும் நீங்க. இந்த டூர் பேரு மாறி மாறி 1960லேர்ந்து இருக்கு. 1970-கள் கடைசில பெண்கள் பௌலிங் சங்கத்துல மட்டும் 40 லட்சம் பேருக்கு மேல உறுப்பினர், ஊருக்கு ஊர் பெண்கள் லீக். அந்தக் கூட்டம்தான் டூரைத் தாங்கிச்சு. 1988ல லிசா வாக்னர் ஒரே சீசன்ல ஒரு லட்சம் டாலர் சம்பாதிச்ச முதல் பெண், 1999ல அலீட்டா சில் மொத்தமா பத்து லட்சத்தைத் தாண்டின முதல் பெண். அப்புறம் லீக் மெல்ல மெல்லக் கரைஞ்சு போச்சு, பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் பகல் நேர லீக் முதல்ல காலி, விளம்பரக் காசு வத்திப் போச்சு, 2003ல சீசன் நடுவுலயே டூரை இழுத்து மூடிட்டாங்க. அந்த வருஷம் யூஎஸ் விமன்ஸ் ஓபன் ஜெயிச்சவங்க கெல்லி குலிக், நியூ ஜெர்சிக்காரங்க. நாட்டுலயே பெரிய பட்டத்தை வாங்கி வீட்டுக்கு வந்தா ஆடறதுக்கு டூர் இல்ல. அப்பாவோட கார் பாடி ஒர்க்ஷாப்ல வேலை பார்த்தாங்க.

இந்தக் குலிக் கதையை நான் யார் கேட்டாலும் சொல்லுவேன், கேட்காட்டியும் சொல்லுவேன். ஆண்கள் டூர் பெண்களையும் உறுப்பினராச் சேர்க்க ஆரம்பிச்சது 2004ல. அடுத்த வருஷமே லிஸ் ஜான்சன் அதுல ஒரு டிவி ஃபைனல் வரைக்கும் போனாங்க, டாமி ஜோன்ஸ்கிட்ட தோத்தாங்க. 2006ல குலிக் தகுதிப் போட்டி ஆடி ஒரு முழு சீசனுக்கு ஆண்கள் டூர்ல இடம் வாங்கின முதல் பெண் ஆனாங்க. அப்புறம் 2010 ஜனவரி, லாஸ் வேகாஸ், ஆண்கள் டூரோட பெரிய போட்டில ஒண்ணான டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ். கடைசி மேட்ச் கிறிஸ் பார்ன்ஸ் கூட. பார்ன்ஸ் சாதாரண ஆளு இல்ல, அந்தக் காலத்துல முதல் வரிசை ஆட்டக்காரர், அவர் மனைவி லிண்டாவும் பெரிய பௌலர், அதனால பெண்கள் எப்படி ஆடுவாங்கன்னு வீட்டுலயே தெரிஞ்சவர். ஸ்கோர் 265க்கு 195. நெருக்கமான மேட்ச்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பாதிலயே முடிஞ்சு போச்சு. ஆண்கள் டூர் பட்டம் ஜெயிச்ச முதல் பெண், பரிசு 40,000 டாலர், ரெண்டு வருஷத்துக்கு டூர்ல இடம்.

ஆனா பாருங்க, அந்தப் போட்டிக்கு அவங்க எப்படித் தகுதியானாங்க? 2009ல நடந்த பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சு. அதை நடத்தினது ஆண்கள் டூருக்குள்ள 2007லேர்ந்து ஒட்டு போட்ட மாதிரி ஓடிட்டிருந்த பெண்கள் தொடர். குலிக் பார்ன்ஸை அடிச்ச அதே 2010ல அந்தத் தொடரும் நின்னு போச்சு. எந்த ஏணில ஏறிப் போனாங்களோ அந்த ஏணியையே கீழ எடுத்துட்டாங்க. பெண்கள் ஆட்டம் ஆண்களுக்கு இணையான்னு அன்னிக்கு வாய் கிழியப் பேசினவங்க யாரும் இதைப் பேசல. திறமை இருக்கான்னு சந்தேகமே இல்ல அக்கா, சீசன் நடத்தக் காசு யார் போடறதுங்கறதுதான் இந்தக் கதைல எப்பவும் கேள்வி.

நடுவுல அந்தப் பத்துப் பன்னெண்டு வருஷம் குவீன்ஸும், விட்டு விட்டு நடந்த யூஎஸ் விமன்ஸ் ஓபனும்தான் தனி மரம் மாதிரி நின்னுச்சு, அதுலயும் ஓபன் வேடிக்கையான இடத்துல எல்லாம் நடந்துச்சு. 2011 ஓபன் ஃபைனலை டெக்சஸ்ல கௌபாய்ஸ் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குள்ள லேன் போட்டு நடத்தினாங்க, 2012ல ரீனோ ஊர் நடுத்தெருவுல, அந்தப் பெரிய வளைவுக்குக் கீழ, திறந்த வெளில. காத்து, தூசி, அதுல எண்ணெய் பூசின லேன். அதையும் குலிக்தான் ஜெயிச்சாங்க.

அதே சமயத்துல இன்னொரு பக்கம் யாரும் எதிர்பார்க்காத ஒண்ணு நடந்துட்டு இருந்துச்சு. டூர் செத்தது 2003. காலேஜ் விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ பெண்கள் பௌலிங்குக்குத் தேசிய சாம்பியன்ஷிப் ஆரம்பிச்சது 2004. ஆண்களுக்கு அதுல பௌலிங் கிடையாது, பெண்களுக்கு மட்டும்தான். காலேஜ்ல ஆண்களுக்குச் சமமா பெண்களுக்கும் விளையாட்டு வாய்ப்பு தரணும்னு சட்டம் இருக்கறதால, பெரிய ஃபுட்பால் டீம் வச்சிருக்கற காலேஜுக்கு ஒரு பெண்கள் டீம் கூடுதலா வேணும், பௌலிங்குக்கு மைதானம் கட்ட வேண்டாம், செலவு கம்மி, சேர்த்துக்கிட்டாங்க. நல்ல மனசுல வந்ததோ கணக்குல வந்ததோ, வந்துடுச்சு. முதல் பட்டம் நெப்ராஸ்கா. 2007ல வாண்டர்பில்ட் யூனிவர்சிட்டி ஜெயிச்சுச்சு, அந்த யூனிவர்சிட்டி எந்த விளையாட்டுலயும் வாங்கின முதல் தேசிய டீம் பட்டமே பெண்கள் பௌலிங்தான். ஆக ஒரு தலைமுறை முழுக்க நல்ல கோச்சிங், ஸ்போர்ட் பேட்டர்ன், ஸ்காலர்ஷிப்போட தயாராகி வெளில வருது, வெளில வந்தா டூர் இல்ல. படிச்சு முடிச்சு சர்டிஃபிகேட்டோட நிக்கற பையனுக்கு கம்பெனியே மூடின கதை.

2015ல யூஎஸ்பிசியும் சென்டர் முதலாளிங்க சங்கமும் சேர்ந்து, மூணு வருஷத்துக்குக் காசு போடறோம்னு கையெழுத்து வச்சு டூரைத் திரும்ப எடுத்து வந்தாங்க. அந்த முதல் சீசன் எனக்கு ரொம்பப் பிடிச்ச சீசன். காலேஜ் பொண்ணுங்க பாய்ஞ்சு வந்து பழசுங்களை எல்லாம் ஓரம் கட்டிடுவாங்கன்னு நான் நினைச்சேன், நடந்தது வேற. லிஸ் ஜான்சன், 1996லயே தன்னோட முதல் யூஎஸ் விமன்ஸ் ஓபனை வாங்கினவங்க, நாப்பதைத் தாண்டின பிறகு, அந்த வருஷம் குவீன்ஸையும் வாங்கி யூஎஸ் விமன்ஸ் ஓபனையும் வாங்கி வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் ஆனாங்க. 2016லயும் அவங்கதான், 2017லயும் அவங்கதான். டூர் இல்லாத அத்தனை வருஷமும் இவங்க என்ன சாப்பிட்டு எங்க ஆடி கையைக் கெடாம வச்சிருந்தாங்கன்னு எனக்கு இப்பவும் ஆச்சரியம். பந்து விடற கை பெண்டுலம் மாதிரி, எந்த ஃபிரேம்லயும் வேகம் மாறாது. பார்க்க போர் அடிக்கும். ஜெயிக்கறது அதுதான்.

புதுசுங்களோட முறை கொஞ்சம் தள்ளி வந்துச்சு, அதுவும் உலகம் பூராவுலேர்ந்து. குவீன்ஸ் பட்டத்தை மட்டும் பாருங்க: 2016 சிங்கப்பூர் பெர்னிஸ் லிம், 2017 லாட்வியா டயானா சவ்யாலோவா, 2018 கொலம்பியா மரியா ஹோசே ரோட்ரிகஸ், 2019 உக்ரைன் டாஷா கொவலோவா. நாலு வருஷம் தொடர்ந்து அமெரிக்காக்காரங்க யாரும் இல்ல. இதுல கொவலோவா ஜெயிச்சது விச்சிட்டா ஊர்ல, படிச்சதும் விச்சிட்டா ஸ்டேட்ல, அதனால உக்ரைன் பொண்ணா இருந்தாலும் கூட்டம் பூரா சொந்த ஊர்க்காரியா கத்துச்சு. சிங்கப்பூர், மலேசியா பக்கம் பௌலிங்னா அரசாங்கமே கோச் வச்சு தேசிய அணிக்குப் பயிற்சி கொடுக்கும், நம்ம சொந்தக்காரங்க அங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, ஸ்கூல் பிள்ளைங்க சீருடைல வந்து உருட்டும்.

2020 சீசன் கொரோனால மொத்தமா போச்சு. 2021ல திரும்ப ஆரம்பிச்சப்ப குவீன்ஸ் வாங்கினது ஜூலியா பாண்ட், நெப்ராஸ்கா காலேஜ். யூஎஸ் விமன்ஸ் ஓபன் வாங்கினது ஜோசி பார்ன்ஸ், 2007ல வாண்டர்பில்ட்டுக்கு அந்த முதல் பட்டத்தை வாங்கிக் கொடுத்த அதே டீம் பொண்ணு, அப்ப ஜோசி ஏர்னஸ்ட்ங்கற பேர்ல ஆடினாங்க. காலேஜ் பட்டத்துக்கும் இந்தப் பட்டத்துக்கும் நடுவுல பதினாலு வருஷம்.

சீசன்னா என்னன்னு ஒரே ஆளை வச்சுச் சொல்லணும்னா நான் ஷானன் ஓ'கீஃபைத்தான் சொல்லுவேன். முன்னாடி சாப்ட்பால் ஆடினவங்க, பௌலிங்குக்குள்ள முழுசா வந்தது அப்புறம்தான். 2018, 2019 ரெண்டு வருஷமும் சிறந்த ஆட்டக்காரர். 2022ஐ எடுத்துக்கோங்க, ஏப்ரல்ல இலினாய்ல இருக்கற மெக்கெண்ட்ரி யூனிவர்சிட்டி பெண்கள் டீம் கோச்சா என்சிஏஏ பட்டம், பசங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு, பந்தைத் தூக்கி வண்டில போட்டுட்டு கோடை டூருக்குக் கிளம்பி அந்த சீசன் முடிவுல மூணாவது தடவையா சிறந்த ஆட்டக்காரர். அப்ப அவங்களுக்கு மாசச் சம்பளம் காலேஜ்ல, டூர்ல வந்தது பரிசுப் பணம். உச்சில இருக்கறவங்களோட நிலைமையே இதுதான்.

அதனால உங்க பொண்ணு விஷயம். டூரை வேலையா நினைக்காதீங்க, காலேஜை இலக்கா வைங்க, டூர் அதுக்கு மேல கிடைச்சா கிடைக்கட்டும். ஸ்காலர்ஷிப் உண்டு, ஆனா முழுசா எல்லாருக்கும் வராது, டீமுக்குள்ள பிரிச்சுத்தான் கொடுப்பாங்க, மார்க் இருந்தா அந்தப் பக்கத்துலேர்ந்தும் சேர்த்து வாங்கலாம். யூத் போட்டில ஜெயிக்கற ஸ்காலர்ஷிப் பணம் ஸ்மார்ட்னு ஒரு கணக்குல அவ பேர்ல சேரும், படிப்புக்குத்தான் எடுக்க முடியும், அதை இப்பவே கேட்டு வைங்க. உங்க மாநிலத்துலேர்ந்தே ஜோர்டன் ரிச்சர்ட்னு ஒரு பொண்ணு, அர்கன்சா ஸ்டேட்ல ஆடிப் படிச்சு, 2023ல டூரோட சிறந்த ஆட்டக்காரர் ஆனாங்க, அவ ரூம்ல ஒட்டறதுக்குப் படம் வேணும்னா அந்தப் படம் ஒட்டலாம்.

ஆட்டத்துல ரெண்டு விஷயம் மட்டும். ஒண்ணு, பக்கத்துல எங்க ஸ்போர்ட் பேட்டர்ன்ல யூத் லீக் நடக்குதுன்னு விசாரிச்சு இந்தக் கோடைலயே சேர்த்துடுங்க. ஸ்கோர் இறங்கும், அழுவா, வீட்டுல யாரும் "என்னாச்சு, 140 தானா"ன்னு கேட்காதீங்க, முக்கியமா அப்பா. ரெண்டாவது, ஸ்பேர், அதாவது முதல் பந்துல மிஞ்சின பின்னை ரெண்டாவது பந்துல சாய்க்கறது. இப்பப் பசங்களுக்கு ஸ்ட்ரைக் மேல, அதான் ஒரே பந்துல பத்தையும் சாய்க்கறது மேலதான் ஆசை, பந்து வளைஞ்சு போய்ப் பின் தெறிக்கறதை வீடியோ எடுத்துக்கறாங்க. வளையாத பிளாஸ்டிக் பந்து ஒண்ணு வாங்கிக் கொடுத்து வலது மூலைல நிக்கற பத்தாம் நம்பர் பின்னை மட்டும் வாரத்துக்கு நூறு தடவை எடுக்கச் சொல்லுங்க, நான் பார்த்த வரைக்கும் காலேஜ் கோச்சுங்க டிரைஅவுட்ல நோட்டுல குறிக்கறது அதைத்தான். புதுப் பந்து நானூறு டாலருக்கு இப்ப வாங்காதீங்க, வளர்ற வயசு, விரல் அளவு மாறும், ஓட்டையை அடைச்சுத் திரும்பத் துளைக்கணும், என் பையனுக்கு ஒரே வருஷத்துல ரெண்டு தடவை துளைச்சேன்.